மீசையின் அளவு

ஜூலை 2, வேலூர்

1805 நவம்பரில் ஆங்கிலேயரின் மெட்ராஸ் ராணுவத்துக்காக வந்த விதிகளை இன்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். சீருடையில் இருக்கும்போது சிப்பாய் நெற்றியில் சாதியைக் காட்டும் குறி இடக்கூடாது. காதில் கடுக்கன் கூடாது. அணிவகுப்பிலும் மற்ற எல்லாப் பணிகளிலும் மோவாய் வழவழவென்று மழித்திருக்க வேண்டும். மேலுதட்டு முடியின் அளவும் வடிவமும் முடிந்தவரை எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் ஏற்பாடு இது. ஆளுநர் வில்லியம் பென்டிங்க் சம்மதித்தார். கூடவே தோல் வைத்துத் தைத்த புது மாதிரித் தலைப்பாகையும் வந்தது. பார்க்க வெள்ளைக்காரர் தொப்பி போலவே இருக்கும். அது எந்த மிருகத்தின் தோல் என்று இந்துவும் முஸ்லிமும் ஒருசேரக் கேட்டார்கள். தொப்பிக்குப் பின்னால் மதமாற்றம் வரும் என்றும் பயந்தார்கள்.

இதற்கு இரண்டே வருஷம் முன்பு, 1803-இல், அசாயே போரில் ஆர்தர் வெலஸ்லிக்காக மராத்தியப் பீரங்கிகளுக்கு எதிரே நடந்து போனவர்கள் மெட்ராஸ் சிப்பாய்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இருக்கும் யானை அந்தப் போரிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட படைக்கு ஒழுங்கு கற்றுக்கொடுக்க மீசையை அளக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது! படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஜூலை 4

கம்மவான்பேட்டைக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருப்பதால் இந்தப் பக்கத்தில் அந்த ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அப்பாவின் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற சுபேதார், அங்கே இருக்கிறார். எனக்குப் பெரியப்பா முறை. இன்னும் காலை ஐந்து மணிக்குள் முகம் மழித்துவிடுவார். மீசை மட்டும் உண்டு, இரண்டு பக்கமும் சமமாக.

முடியைப் பற்றிக் கேட்டதும் குன்னூர் வெலிங்டனுக்குப் போய்விட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான். 1970-களில் காதை மூடும் முடியும், கன்னத்தில் இறங்கும் கிருதாவும் வைத்துக்கொண்டு ரயிலேறியவர் அவர்.

“எறங்குன மறுநாளே மிஷின் போட்டுட்டாங்க பாப்பா. வரிசையா உக்கார வேண்டியது, எழுந்துக்க வேண்டியது. நம்ம ஊர்ல இருந்து ஒண்ணா போனவன் பக்கத்துல நிக்கிறான், எனக்கு அடையாளம் தெரியல. பேர் சொல்லிக் கூப்பிட்டப்புறம்தான் அவன்னு தெரிஞ்சுது. ரெண்டு பேரும் சிரிச்சோம். ராத்திரி போர்வைக்குள்ள அழுதோம்.”

ஜனவரிக் குளிர், குழாய்த் தண்ணீர், விடியாத இருட்டில் கண்ணாடி இல்லாமல் சவரம். வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னில், பயிற்சி தரும் உஸ்தாத் புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாராம். சொரசொரப்புத் தட்டினால் அன்றைக்கு ரக்டா. முதுகில் ‘பிட்டு’ என்கிற சுமைமூட்டையோடு மைதானத்தைச் சுற்ற வேண்டும், முழங்கையில் ஊர்ந்து போக வேண்டும். கழுத்தின் பின்பக்கம் முடி காலரைத் தொட்டாலும் அதே கதிதான். பித்தளை பக்கிளுக்கு பிராஸோ, பூட்ஸுக்குக் கிவி பாலிஷ், பாலிஷில் முகம் தெரிய வேண்டும். இதையெல்லாம் கசப்பே இல்லாமல், கல்யாண வீட்டுப் பலகாரங்களை எண்ணுவது போல அடுக்கினார்.

“வெறுப்பு வரலையா பெரியப்பா?”

“வந்துச்சு. ஆனா அந்த உஸ்தாத் எங்களுக்கு முன்னாடியே எழுந்து, அதே பச்சத் தண்ணியில சேவ் பண்ணிக்கினு நிப்பாரு. எங்களோடவே ஓடுவாரு. அவர எப்படி வெறுக்கறது?”

ஜூலை 5

தாடிக்கு எதிராக ராணுவங்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு உடன்பாடானது ஒன்று உண்டு: விஷவாயு முகமூடி. அதன் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி அழுந்த வேண்டும். இடையில் முடி இருந்தால் காற்று கசியும். உயிர் போகிற விஷயம்.

மற்றவை காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. மேலுதட்டை மழிக்கவே கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவத்தில் விதி இருந்தது. முதல் உலகப்போரின் நடுவே, 1916 அக்டோபரில்தான் அதை நீக்கினார்கள். அதே ராணுவம் 2024 மார்ச்சில் தாடிக்கும் அனுமதி கொடுத்துவிட்டது. நம் ராணுவத்தில் சீக்கியர்கள் தாடியோடும் தலைப்பாகையோடும் சண்டையிட்டு பரம்வீர் சக்ரா வாங்கியிருக்கிறார்கள். கடற்படையில் அனுமதி பெற்றுத் தாடி வைக்கலாம். ஆளைப் பார்த்து விதியை வளைக்க ராணுவங்களுக்குத் தெரியும். 1805-இல் மெட்ராஸில் அந்த மனசு இருக்கவில்லை.

ஜூலை 8

பெரியப்பா போன் செய்தார். அன்று சொல்ல விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்ததாம்.

அவரே உஸ்தாதாகி வெலிங்டனுக்குத் திரும்பிய காலம். புதிதாக வந்த பையன் ஒருவன் மிஷினுக்கு முன்னால் உட்கார மறுத்து நின்றிருக்கிறான். திமிர் என்று இன்னொருவர் கை ஓங்கப் போனார். பெரியப்பா தனியே அழைத்துப்போய்க் கேட்டார். குலதெய்வத்துக்கு வேண்டி வளர்த்த முடி, ஆடியில் எடுப்பதாக அம்மாவின் நேர்த்தி.

“முடி எடுக்காம வுட முடியாது பாப்பா, நூறு பேர் பாத்துக்கினு நிக்கிறான். அவனையே கேட்டேன், இன்னாடா பண்ணலாம்னு. யோசிச்சு அவன்தான் சொன்னான். வெட்டுன முடிய ஒரு துணியில முடிஞ்சு ஊருக்கு அனுப்பிச்சோம். அவங்கம்மா அதக் கொண்டுபோய் கோயில்ல செலுத்திட்டு, திருநீறு வச்சு லெட்டர் போட்டாங்க.”

முடி போனது, விதி நின்றது. ஆனால் அவனைக் கேட்டார்கள்.

1806 மே மாதம் இதே வேலூரில் கேட்டவிதம் வேறு. 4-ஆம் ரெஜிமெண்டின் 2-ஆம் பட்டாலியன் சிப்பாய்கள் புதுத் தலைப்பாகையை மறுத்தார்கள். விசாரணைக்கு மெட்ராஸ் கொண்டுபோய், ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்கு 900 கசையடி விதித்தார்கள். பட்டாலியனை வேலூரிலிருந்து மாற்றினார்கள். ஆணையை மாற்றவில்லை. அந்த இரண்டு முதுகுகளைப் பற்றித்தான் கண்டோன்மெண்ட்தோறும் பேச்சாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 10

பெரியப்பாவைக் கோட்டைக்கு அழைத்துப்போனேன். 1806-இல் இதே தேதியில், விடியும் முன், இங்கிருந்த மெட்ராஸ் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த 69-ஆம் படைப்பிரிவு வெள்ளைச் சிப்பாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கோட்டைத் தளபதி பேன்கோர்ட்டும் இறந்தார். அதைப் பெருமையாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். சில மணி நேரத்தில் கோட்டை திரும்பக் கை மாறியது. கோட்டையிலிருந்த அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். பிறகு தலைப்பாகை ஆணை ரத்தானது. பென்டிங்க்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மீசைக்காக இத்தனை உயிர்.

அகழியோரம் நடந்தபடி இதைச் சொல்லி வந்தேன். பெரியப்பா எல்லாவற்றையும் அசையாமல் கேட்டார். சம்பந்தப்பட்ட பட்டாலியன்களைக் கலைத்துவிட்டார்கள் என்றதும் நின்றுவிட்டார்.

“கலைச்சுட்டானா? நம்பரயே எடுத்துட்டானா?”

“ஆமாம் பெரியப்பா. பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார்கள்.”

இத்தனை நாளில் அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. அவரிடம் யாராவது ஊர் கேட்டாலும் முதலில் யூனிட்டின் எண்ணைத்தான் சொல்வார். பென்ஷன் புத்தகத்தில், வீட்டு வாசல் பெயர்ப்பலகையில், பேரனின் சைக்கிளில்கூட அந்த எண் இருக்கிறது.

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “எந்தெந்த பட்டாலியன்? எழுது.”

எழுதினேன்: 1-ஆம் ரெஜிமெண்ட் 1-ஆம் பட்டாலியன், 1-ஆம் ரெஜிமெண்ட் 2-ஆம் பட்டாலியன், 23-ஆம் ரெஜிமெண்ட் 2-ஆம் பட்டாலியன். வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். முன்னாள் படைவீரர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், அஞ்சலி நேரத்தில் இந்த மூன்று எண்களையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறாராம். அவர்கள் செய்தது சரியா தப்பா என்று சங்கத்தில் சண்டை வரும், வரட்டும் என்றார்.