பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு பட்டுப்புடவை

கல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காளி கோயில், தக்ஷிணேசுவரம், பேலூர் மடம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒரு பெங்கால் காட்டன் புடவையும் ஒரு டப்பா ரசகுல்லாவுமாக ரயிலேறிவிடுகிறார்கள். நானும் இரண்டு தடவை அப்படித்தான் வந்தேன். மூன்றாம் தடவை போனபோது, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் என் நாத்தனார்தான், "மன்னி, உங்களுக்கு உஷா உதுப்னா உசிராச்சே! அவா பாடின எடத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று கிளப்பிவிட்டாள்.

அந்த இடம் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் டிரிங்காஸ். இப்போது அந்தத் தெருவுக்கு அன்னை தெரசா சரணி என்று பெயர். ஆனால் டாக்ஸிக்காரரிடம் பார்க் ஸ்ட்ரீட் என்றால்தான் புரிகிறது. மெட்ரோவில் இறங்கி நாலு எட்டு நடந்தால் போதும். 1927-இல் தொடங்கிய ஃப்ளூரிஸ் கேக் கடையும் அருகிலேயே இருக்கிறது. 1960-களில் இந்தத் தெரு முழுக்க மேல்நாட்டுச் சங்கீதம்தான். ஒவ்வொரு ஹோட்டலிலும் ஒரு பாண்டு, ஒரு பாடகி. பாடகி என்றால் பளபளக்கும் கவுன் என்று வைத்திருந்த காலம்.

அங்கேதான் காஞ்சிபுரம் பட்டும், பெரிய பொட்டும், தலை நிறையப் பூவுமாக வந்து நின்றார் உஷா. அப்போது உஷா ஐயர். பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பில் சேர்க்கவில்லையாம், குரல் கனமாம்! லதா, சுசீலா போலக் குழைந்தால்தான் பெண்குரல் என்று இருந்த நாளில் வேறென்ன சொல்வார்கள்?

முதல் மேடை நம்ம சென்னைதான் என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? 1969-இல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு சின்ன நைட் கிளப். அங்கே புடவையோடு பாடினார். (சஃபையர் இன்று இல்லை.) பிறகு பம்பாய், அப்புறம் டிரிங்காஸ். புடவை விளம்பரத்துக்காகப் போட்ட வேஷம் இல்லை. நடுத்தர வீட்டில் வளர்ந்தவர், வழக்கமாகக் கட்டுவதைத்தான் கட்டினார்.

ஆனால் அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. நைட் கிளப் என்றால் முகம் சுளித்த குடும்பப் பெண்கள், புடவை கட்டிய பெண் பாடுகிறாள் என்றதும் புருஷனோடு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அவருடைய பாட்டைவிடக்கூட இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஜானி சாக்கோ உதுப்பை அவர் சந்தித்ததும் டிரிங்காஸில்தான். உஷா ஐயர் உஷா உதுப் ஆனார். டெல்லியில் ஓபராய் ஹோட்டலில் பாடியதைக் கேட்டுத்தான் தேவ் ஆனந்த் கோஷ்டி சினிமாவுக்குக் கூப்பிட்டது. 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' 1971-இல் வந்தது.

எல்லாம் பூமாலை இல்லை. 1980-களில் அன்றைய மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், இவர் பாட்டு சீரழிந்த கலாசாரம் என்று சொல்லி அரசு அரங்குகளில் பாடத் தடை போட்டார். தாய்மொழி வங்காளம் இல்லை, பாடுவது பாப்... ஊரை விட்டுக் கிளம்பியிருக்கலாம். கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். கல்கத்தாவிலேயே வாசம். இப்போது நெற்றிப் பொட்டில் வங்காள 'க' எழுத்து; கல்கத்தாவின் முதல் எழுத்து. 2024-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

டிரிங்காஸில் இப்போதும் சாயங்காலத்தில் பாட்டு உண்டு. குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம்.

உஷாவை மேடையில் நான் பார்த்தது பல வருஷத்துக்கு முன்னால், சென்னையில். பட்டுப்புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ! அதிலும் புடவைத் துணி, ஜரிகையோடு. மணிக்கணக்கில் நின்று பாடுகிறவருக்குக் கால் வலிக்காமல் இருக்க வேண்டாமா? ஹை ஹீல்ஸில் தள்ளாடும் பெண்கள் கவனிக்கவும். 'அஞ்சலி'யில் வந்த "வேகம் வேகம்" தொடங்கியதும் சபையில் சத்தம் அடங்கவே இல்லை. அடுத்தாற்போல, விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஒரு மெல்லிய பாட்டு. அந்தக் கனத்த குரல் இறங்கி வந்தபோது, யாரோ நம்ம வீட்டுப் பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாற்போல இருந்தது. பிறகு, "எல்லாரும் கை தட்டுங்கோ!" என்று ஒரு அதட்டல். எனக்கு அடுத்த நாற்காலியில் எண்பதை நெருங்கும் ஒரு மாமி. கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.