எலிகளுமல்ல, முயல்களுமல்ல

ஒருவனிடம் பிறரைச் சிரிக்கவைக்கும் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். அன்றோடு அவன் சிரிப்பு போய்விடும். சென்ற மார்கழிக் குளிரில் அப்பொறுப்பு என் தலையில் விழுந்தது.

என் அறை நண்பர் வாய்மொழித் தேர்வில் தோற்றுத் திரும்பியிருந்தார். நான்கு நாள் பேச்சில்லை. விடுதிச் சாம்பாரைக்கூட அவர் ஏசவில்லை என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். படிப்பே வேண்டாமென்று ஊருக்கு இரயில் சீட்டும் வாங்கிவிட்டார்.

அடுத்த அறையினர் கூடி ஆலோசித்தோம். மருந்து, 'ஸ்டார் டிரெக்'. 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த விண்வெளித் தொடர். மொத்தம் 79 பகுதிகள். அவற்றுள் பெருஞ்சிரிப்பு எது?

ஒரு நண்பர் 1968-இல் வந்த 'எ பீஸ் ஆஃப் தி ஆக்‌ஷன்' என்றார். சிகாகோ ரௌடிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று வேற்றுக் கோளில் சிக்க, அங்குள்ளோர் அதையே வேதமாக்கி வாழும் கதை. விண்கலத்தை ஓட்டும் கேப்டன் கிர்க், அங்கே ஒரு மோட்டார் காரை ஓட்டத் தெரியாமல் விழிக்கிறார். நல்ல கதைதான். ஆயினும் நான் 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்' என்றே வாதாடினேன். 1967 டிசம்பர் 29-இல் ஒளிபரப்பானது. எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு அப்போது வயது 23. நம்மில் பலர் அந்த வயதில் ஆய்வுத் தலைப்பைக்கூட முடிவு செய்திருக்கமாட்டோம்!

டிரிபிள் என்பது மயிரடர்ந்த பந்து. தின்னும், பெருகும், வேறு தொழில் அறியாது. ஒன்று பத்து ஈனும். பன்னிரண்டு மணிக்கு ஒரு பேறு. மூன்று நாளில் 17,71,561 என்கிறார் ஸ்பாக். ஆறு பதினொன்றுகளைப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரி. தானியக் கிடங்கின் மேற்கதவைக் கிர்க் திறக்க, அத்தனையும் அவர் தலையில் கொட்டுகின்றன. மார்பளவு புதைந்து நின்று அவர் பேசும்போதும் ஒவ்வொன்றாய் விழுந்தவண்ணமே இருக்கின்றன.

நாங்கள் உருண்டு சிரித்தோம். நண்பரோ மடிக்கணினியை வெறித்தபடி இருந்தார். ஆனால் அதற்கு முந்திய ஒரு காட்சிக்கு மெல்லச் சிரித்தாரே, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. க்ளிங்கான் வீரன் ஒருவன் கேப்டனைக் கண்டபடி இகழ்கிறான். பொறியாளர் ஸ்காட் பொறுத்துக்கொள்கிறார். கைகலக்கத் துடித்த இளைஞனையும் அடக்குகிறார். கப்பலைக் குப்பை என்றதும் விட்டார் ஒரு குத்து! கேப்டன் முகம் வாடுகிறது. தண்டனை, அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. தொழில்நுட்ப ஏடுகளைப் படிக்க நேரம் கிடைத்ததென்று ஸ்காட்டுக்கு ஒரே மகிழ்ச்சி.

படம் முடிந்ததும் நண்பர் அக்காட்சியை மீண்டும் போடச் சொன்னார். பிறகு வாய் திறந்தார். "என் இங்கிலீஷைக் கேலி செய்தார்கள் ஐயா, பேசாமல் இருந்தேன். ஈராண்டு நானே கடைசல் பிடித்துச் செய்த கருவியை 'இரும்புக் கடைச் சாமான்' என்றார் ஒருவர். அப்புறம்தான் எழுந்து கத்திவிட்டேன்."

"குத்து விட்டீரா?" என்றேன்.

"இல்லை. கதவை அறைந்துவிட்டு வந்தேன்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே முதலில் சிரித்தார், இம்முறை பெரிதாக.

இரயில் சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. மறுநாள் உணவு விடுதியில், இது சாம்பாரா வெந்நீரா என்று அவர் சமையற்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.