அடையாள அட்டையிலிருந்து ஒரு முகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் பதினாறு, பதினேழு வயதில் கமெரா தூக்கும் பிள்ளைகளுக்கு முதல் கூலி கலியாணவீட்டிலிருந்து வருவதில்லை. நான் கதைத்த எல்லோருக்கும் அது செத்தவீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. ஊரில் ஒரு ஆச்சி கண்மூடினால் மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வேண்டும். மதிலில் கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூலின் முதல் பக்கத்துக்கும் வேண்டும். ஆச்சியைத் தனியாகக் காட்டும் படம் பல வீடுகளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: தேசிய அடையாள அட்டையில் ஒட்டிய, முத்திரையளவு கறுப்பு வெள்ளைப் படம்.

நான் போன நேரத்தில் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் அந்த வேலையில்தான் இருந்தான். சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் தொடங்கிய தொழில். ஜன்னலோரம் வெயில் நேரே விழாத இடத்தில் அட்டையை வைத்து, கமெராவைச் சுற்றிக் கறுத்த துணி கட்டியிருந்தான். பளபளக்கும் பிளாஸ்ரிக் உறையில் கமெராவின் விம்பமே விழுந்துவிடும், அதற்காக. உறையின் வெடிப்பு ஒன்று ஆச்சியின் நெற்றியைக் குறுக்கே வெட்டியிருந்தது. கணினியில் அதை மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பக்குவமாக அடைத்தான். இப்போது கைபேசிச் செயலிகள் இதை ஒரு நொடியில் செய்து, நிறமும் ஏற்றித் தந்துவிடுகின்றன. அவனும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறான். தோல் வழுவழுவென்று, கண் பெரிதாகி, வேறு யாரோ ஒருத்தி வந்து நின்றாளாம்.

"கனடாவிலை இருக்கிற மகள் சிரிக்கிற மாதிரி வேணும் எண்டு கேட்டவ அக்கா. பட்டுச்சீலை மாத்திக் குடுத்தன். சிரிப்பு வைக்கேல்லை. ஆச்சி அப்பிடிச் சிரிக்க மாட்டா. சிரிச்சா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பா."

இந்தத் தொழிலுக்கு அவன் போட்ட உண்மையான முதல் இதுதான் என்று எனக்குப் பட்டது. கமெராவை லண்டன் மாமா வாங்கித் தரலாம். ஆச்சி எப்படிச் சிரிப்பார் என்பதை எந்த மாமாவும் வாங்கி அனுப்ப முடியாது.

வீடுகளில் பழைய படங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று இந்த ஊரில் கேட்கத் தேவையில்லை. 1987 மே மாதம் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையில் ஊரே இடம்பெயர்ந்தது. 1989 ஆகஸ்ட் 2 முதல் இந்திய அமைதிப்படை நடத்திய படுகொலையில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. வீடு எரிந்தால் அல்பமும் எரியும். ஓடும்போது எடுத்துக்கொண்டு ஓடியது அடையாள அட்டையைத்தான். அது இல்லாமல் எந்தச் சாவடியையும் தாண்ட முடியாது. அதனால்தான் ஆச்சியின் முகம் அதில் மிஞ்சியிருக்கிறது.

கடல் தாண்டித் திரும்பி வந்த படங்களும் இந்த ஊருக்கு உண்டு. இதே ஊரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதை அத்திலாந்திக் கடந்து ஓட்டிப்போய், 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பயணத்தின் படங்கள் அங்கிருந்துதான் இங்கே வந்து சேர்ந்தன. கடலைத் தாண்டிய பாட்டன்மாரின் முகத்தை வேற்றூர்க் கமெரா காப்பாற்றியது. இன்று பேரப்பிள்ளைகள் கையில் சொந்தக் கமெரா இருக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை.

தாய்மாருக்கு அது எளிதில் பிடித்த சங்கதி அல்ல. பெடியனின் தாய் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கமெராவோடை றோட்டிலை நிக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று என்னிடம் முறையிட்டார். அந்தப் பயம் வெறும் பயமல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டியவை ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். சுடர் ஒளி நாளிதழில் அவை வந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது இந்தப் பெடியன் பிறந்திருக்கவில்லை. தாய் அந்தச் செய்தியைப் பேப்பரில் வாசித்தவர்.

நெல்லியடியில் முன்பு ஸ்ரூடியோ நடத்திய ஒருவரையும் பார்க்கப் போனேன். தானும் பதினைந்து வயதில் தொடங்கியவர்தான் என்றார். ஆனால் அது வேறு தொடக்கம். முதல் வருடம் கூட்டித் துடைத்து, மருந்து கலந்து, தட்டைக் கழுவும் வேலை. அடுத்த வருடம் இருட்டறைக்குள் நுழைய விட்டார்கள். அதற்கும் பிறகுதான் நெகட்டிவில் கூரிய பென்சிலால் முகத்துச் சுருக்கத்தைத் தொடக் கற்றுக்கொடுத்தார்கள். கமெராவைத் தொட்டது கடைசியில். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பற்றரியும் தடைப் பொருளானது. அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பாட்டை அவர் சொல்லத் தொடங்கினால் மாலையாகிவிடும். வந்தவரை எப்படி இருத்துவது, தாடையை எவ்வளவு திருப்பச் சொல்வது, பயந்த பிள்ளையோடு என்ன கதைப்பது என்று அவர் காட்டியபோது, இது எங்கே போய்விட்டது என்று மனது கனத்தது. இன்று பதினாறு வயதில் கமெரா வாங்கும் பிள்ளைக்குப் பின்னால் நிற்க ஒரு குரு இல்லை. யூடியூப் எல்லாம் சொல்லித் தருகிறது. தோளில் தட்டி "தம்பி, அந்த அம்மாவை முதல் இருக்கச் சொல்லு" என்று சொல்லாது.

ஸ்ரூடியோக்காரரின் சோற்றுக்கு வழி இப்போது கடவுச்சீட்டுப் படம். 2015இலிருந்து குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் தான் அங்கீகரித்த ஸ்ரூடியோக்களில் எடுத்த படத்தை மட்டுமே ஏற்கிறது. படம் இணையம் வழியாக அங்கிருந்தே திணைக்களத்துக்குப் போகும். ஊரைவிட்டுப் போகிறவர்களின் படம் ஸ்ரூடியோவுக்கு, ஊரில் மிஞ்சியிருப்பவர்களின் படம் பெடியளுக்கு என்று தொழில் பிரிந்து கிடக்கிறது.

தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாதான் இந்தப் பெடியளுக்கு உண்மையான பள்ளிக்கூடம். குடாநாடு முழுவதும் அங்கே திரளும். கொக்கு, பிராந்து, படலம், எட்டுமூலை என்று பழைய பட்டங்கள் போதாமல், கப்பலும் விமானமும் மிருகமுமாக முப்பரிமாணப் பட்டங்களை ஏற்றுவார்கள். விண் பூட்டிய பட்டங்களின் கூவல் தலைக்குமேல் ஓயாது. வல்வெட்டித்துறைக் கடல் ஊருக்கு வடக்கே இருக்கிறது. தை மாதம் வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். ஆகவே கடற்கரையில் நின்று விட்ட பட்டம் கடலுக்கு மேல் நிற்காது, தென்மேற்கே சாய்ந்து ஊருக்கு மேல் நிற்கும். பிற்பகல் வெயிலும் அதே தென்மேற்கில்தான். வெளியூரிலிருந்து நல்ல கமெராக்களோடு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சூரியனைப் பார்த்து எடுத்த படத்தில் வானம் வெளிறிப் பட்டம் கரியாகிவிடும்.

உள்ளூர்ப் பெடியளுக்கு அது பாடம். ரிசுத் தாளில் கட்டிய பட்டத்தின் பின்னால் வெயில் விழுந்தால் தாள் உள்ளிருந்து ஒளிரும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் பட்டத்தின் ஒளியைத் தனியாக அளந்து, வானத்தை அதன்பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். பொலித்தீனில் கட்டிய பெரிய பட்டங்களுக்கு இந்த வித்தை சரிவராது. அவற்றை ஏறுவதற்கு முன், ஆட்கள் தூக்கிப் பிடித்து நிற்கும்போதே, கடலைப் பின்னால் வைத்து எடுத்துவிட வேண்டும், அப்போது வெயில் எடுப்பவரின் முதுகில் இருக்கும். பெடியன் இதையெல்லாம் காற்றின் பெயர்களோடு சொன்னான். வாடை விழுந்து கொண்டல் திரும்பினால் எங்கே போய் நிற்பான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கடலோடிகளின் பேரன் காற்றைப் பார்த்துக் கமெரா பிடிக்கிறான் என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். திரும்பி வந்ததும் கமெராவின் உடம்பை ஈரத் துணியால் ஒற்றி உப்பெடுத்து, லென்ஸைச் சிலிக்கா ஜெல் பைகள் போட்ட மூடிய டப்பாவில் வைப்பான். கடற்கரை ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க அதிக காலம் தேவையில்லை.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பெரும் பட்டம் ஒன்றின் கயிற்றோடு ஒரு இளைஞர் மேலே தூக்கிப் போகப்பட்டார். அந்தக் காணொளி உலகத் தொலைக்காட்சிகளில் எல்லாம் ஓடியது. தொங்கியவரைப் பற்றி எல்லோரும் கதைத்தார்கள். படம் பிடித்த கை யாருடையது, அதற்கு ஏதாவது கிடைத்ததா என்று யாரும் கேட்டதாக நான் காணவில்லை. ஒளிப்படத்துக்கும் உரிமை உண்டு என்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்கிறது. முகநூல் பக்கங்கள் பெடியளின் பெயரை வெட்டிவிட்டுப் படத்தைப் போடுவது நிற்கவில்லை.

காசுக் கதைக்கு வருகிறேன், கோபத்தோடுதான். மண்டபத்துக்கும் சோடனைக்கும் ஐஸ்கிறீமுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கிற வீடு, கமெராக்காரப் பெடியனிடம் "நீ எங்கட பிள்ளைதானே" என்று சொல்லிச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறது. அன்பு பொய்யல்ல. ஆனால் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது மெமரிக் காட்டும் பற்றரியும் அன்பு விலைக்குக் கிடைக்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் பெரியவர் துணையில்லாமல் தனியே செய்யும் ஒப்பந்தம் இலங்கையில் பொதுவாக அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆகவே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு தாயின் பெயரில் இருக்கிறது. காசு தராதவரிடம் போய்க் கேட்பதும் தாய்தான்.

பின்னாளில் திரைப்பட இயக்குநரான ஸ்ரான்லி குப்ரிக் பதினாறு வயதில், 1945இல், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் இறந்த செய்திக்கு நடுவே சோர்ந்திருந்த பேப்பர் விற்பனையாளரைப் படமெடுத்து 'லுக்' சஞ்சிகைக்கு 25 டொலருக்கு விற்றார். பின்னர் அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். பதினாறு வயதுக்காரனின் படத்துக்கு விலை வைத்து வாங்க ஒரு நிறுவனம் அங்கே இருந்தது. இங்கே விலையைப் பெடியனே சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் பெரியம்மாவிடம். இப்போது அவன் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பி, பாதி முன்பணம் வந்த பிறகே நாளைக் குறிக்கிறான். இரண்டு வீட்டார் முகம் திருப்பினார்களாம். அவன் செய்தது முற்றிலும் சரி என்று அவனிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று அவனோடு வேலை செய்யும் பதினெட்டு வயதுப் பிள்ளையையும் சந்தித்தேன். சாமத்தியவீடுகளுக்கு இப்போது அவளைத்தான் தேடுகிறார்கள். பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்க்கும் இடத்தில் ஆண் கமெராக்காரர் நிற்பதை வீட்டுப் பெண்கள் எப்போதுமே விரும்பியதில்லை. வேறு ஆள் இல்லாததால் பொறுத்துக்கொண்டார்கள். இவள் உள்ளே போனால் அறை கலகலப்பாகிவிடுகிறது. மாமிமார் சத்தமாகக் கதைக்கிறார்கள், பிள்ளையும் தோளை இறக்கி இருக்கிறாள். வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலை வேண்டும் என்றால் அவள் மண்டபத்து நிகழ்வுக்கு மட்டும்தான் சம்மதிப்பாள்.

படங்களை முதலில் யாருக்குக் கொடுப்பாய் என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்குத்தான் அக்கா. அதின்ர கையிலை ராப்பைக் குடுத்து, பிடிக்காததை நீயே அழி எண்டுவன். பன்ரண்டு பதின்மூண்டு வயசு. ஒருக்கா ஃபேஸ்புக்கிலை போனா அது எடுக்கேலாது. அழிச்ச பிறகு மிச்சத்தைத் தாய்க்குக் குடுப்பன்."

தாய்மார் சண்டைக்கு வரவில்லையா?

"வருவினம். பேந்து அடுத்த மகளுக்கும் என்னைத்தான் கூப்பிடுவினம்."