அன்பின் பொய்யும் ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லும்

வோல்ஃப்காங் பெக்கர் இயக்கிய ‘குட் பை, லெனின்!’ (2003) படத்தை ஒரு மகனின் பொய்யைப் பற்றிய நகைச்சுவையாக மட்டும் காண்பவர் அதன் பாதியைத் தவறவிடுகிறார். கிழக்கு ஜெர்மனியின் நாற்பதாம் ஆண்டு விழா நாளான 1989 அக்டோபர் 7 அன்று, ஆர்ப்பாட்டத்தில் மகன் கைதாவதைக் கண்டு விழுந்த தாய், எட்டு மாதங்கள் கழித்துக் கண்விழிக்கிறாள். அதற்குள் சுவர் வீழ்ந்துவிட்டது. அதிர்ச்சி அவள் உயிரைப் பறிக்கும் என்றஞ்சிய மகன் அலெக்ஸ், 79 சதுர மீட்டர் வீட்டுக்குள் மறைந்த நாட்டை மீட்டெடுக்கிறான். பழைய போத்தலில் புதிய வெள்ளரி ஊறுகாய்; நண்பன் டெனிஸ் ஒளிப்பதிவு செய்து தரும் போலிச் செய்தியறிக்கை.

அச்செய்தியறிக்கை ஏன் நம்பப்படுகிறது? தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் இடையே ஒரு பொறுப்புத் துறப்பு உண்டு. தெலுங்கின் ‘அட’வும் தக்கனியின் ‘கதே’யும் அப்பணியையே செய்கின்றன. அரசின் செய்திக்குரலில் இந்த இடைச்சொல் இராது. கேள்விப்பட்டதும் கண்டதாகவே ஒலிக்கும். அலெக்ஸ் இரவல் வாங்கியது அக்குரலைத்தான்.

ஹைதராபாத்தின் மௌலா அலிக் குன்றடியில் 1940இல் பிறந்து வீடு மாறாதிருந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நிஜாம் ஆட்சி, 1948இல் இந்திய ஒன்றியம், 1956இல் ஆந்திரப் பிரதேசம், 2014இல் தெலங்கானா: நாற்புறமும் அரசியல் மாறும், குன்று மாறாது. உருதுவில் கற்பித்த உஸ்மானியா பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கு மாறியது. நிஜாமின் உஸ்மானியா சிக்கா நாணயம் இந்திய ரூபாயோடு சிலகாலம் புழங்கிப் பின் செல்லாததாயிற்று. படத்திலும் தாயின் சேமிப்பு, மாற்றுவதற்கான கெடு கடந்தபின்னரே கிடைக்கிறது. அரசுகள் மாறும்போது முதியோரின் நினைவிலுள்ள சொல்லும் காசும்தான் முதலில் மதிப்பிழக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் செல்லுபடியாக்குவது ஏமாற்றா, மரியாதையா?

படம் எளிய விடை தருவதில்லை. ஏனெனில் முதலில் பொய்யுரைத்தவள் தாயே. மேற்கே சென்ற கணவன் வேறொருத்திக்காகப் பிரிந்தான் என்று பிள்ளைகளிடம் கூறி, அவன் கடிதங்களைச் சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். அச்சத்தில் பிறந்த அப்பொய் ஒரு தந்தையைப் பறித்தது. அன்பு என்னும் காரணம் விளைவை அழிப்பதில்லை.

இறுதிச் செய்தியறிக்கைக்கு முன்பே, மகனின் காதலி லாரா அவளிடம் உண்மையைக் கூறிவிடுகிறாள். தாயோ திரையைவிட மகன் முகத்தையே பார்க்கிறாள். அவள் காதில் ‘ஆம்’ சேர்ந்தே ஒலித்திருக்கும். அதை வெளிக்காட்டாமல் கண்மூடியது, அவ்வீட்டின் கடைசிப் பொய்.