ஈயப் புகையும் அண்ணாச்சி இருமலும்

சேத்தூர், ராஜபாளையம் பக்கம் பழைய ஸ்கூட்டர், புல்லட் வச்சிருக்கிறவங்களுக்கும், அதுக்கு ஒயரிங் பாக்கிற அண்ணாச்சிமாருக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

அப்பாவோட பஜாஜ் சேத்தக். ஒயரிங் செட்டைப் பழையபடி சரிபண்ணணும்னு எங்க ஊர் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி கடையில போய் உக்காந்தேன். கறுத்துப்போன செம்பைச் சுரண்டி, பேஸ்ட் தொட்டு, கனெக்டர்ல வச்சு ஈயத்தை உருக்கினார். குனிஞ்ச முகத்துக்கு நேரா புகை. உடனே இருமல்.

"எத்தனை நாளா அண்ணாச்சி?"

"ரெண்டு வருஷமா கெடக்கு டாக்டரே. ஊர்ப் பொங்கலுக்கு ஒரு வாரம் கடை சாத்தினா நின்னுரும்."

என்கிட்டயே மூணு தடவை வந்திருக்கார். சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கேன். கடை சாத்தினா நிக்குதான்னு ஒரு தடவைகூட கேக்கல. (அவர் அனுமதியோடதான் இதை எழுதறேன்.)

பலரும் நினைக்கிற மாதிரி அந்தப் புகையில ஈயம் பெரிசா கிடையாது. ஈயம் கொதிக்கக் கிட்டத்தட்ட 1,750 டிகிரி செல்சியஸ் வேணும். பத்தவைக்கிற அயர்ன் 350, 400லயே நிக்கும். புகையறது பேஸ்ட்ல இருக்கிற பைன் மரப் பிசின். சிலருக்கு அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருதடவை ஒத்துக்காம போயிட்டா அப்புறம் துளிப் புகையே போதும். ஈயம் வயித்துக்குப் போறது கை வழியா: அதைத் தொட்ட விரலோட வடை, பீடி. சோப்பு போட்டுக் கழுவுங்க.

பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்து நாலு வாரம் ஊதச் சொன்னேன். கடை நாள்ல அளவு இறங்குது, லீவு நாள்ல ஏறுது. சந்தேகமே இல்ல.

தொழிலை விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா யோசிச்சுப் பாருங்க, கம்பெனியில கனெக்டரை ஈயம் வச்சா பிடிக்கிறாங்க? பெரும்பாலும் கிரிம்ப்தான், அதாவது நசுக்கிப் பிடிக்கிறது. ஈயம் இழைக்குள்ள ஏறினா அந்த இடம் விறைச்சுரும். வண்டி அதிர அதிர, விறைப்பு முடியற ஓரத்துல ஒயர் அறுந்துரும். எலும்புக்கு பிளேட் வச்சவங்களுக்கு, பிளேட் முடியற ஓரத்துல மறுபடி முறியறதைப் பாத்திருக்கேன். அதே கதை.

நல்ல கிரிம்பிங் பிளையர் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். "நசுக்குன வேலையை எவன் நம்புவான்?"னார். ஆனாலும் சேத்தக்கை அதுலதான் முடிச்சார்.

இப்ப இன்ஹேலர் எடுக்கிறார். முழுசா விட்டாத்தான் நல்லதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். பல்பு ஹோல்டர்னு வந்தா இன்னமும் ஈயம்தான்; டேபிள் ஃபேனைத் திருப்பி, புகை பக்கவாட்டுல போற மாதிரி வச்சுட்டுப் பத்தவைக்கிறார். மறந்த நாள் ராத்திரி எனக்கு போன் வரும்.