ஊறப்போட்ட அரிசி

இஸு ஓஷிமாவுக்குப் போகலாம் என்று முடிவு செய்தது நான் இல்லை. என்னோடு படித்த கொரியத் தோழி ஒரு காட்ஸில்லா பைத்தியம். 1984-இல் வந்த படத்தில் அந்தத் தீவின் மிஹாரா எரிமலைக்குள்தான் காட்ஸில்லாவை விழ வைப்பார்களாம். அவளுக்கு அது போதும். தைவான் நண்பனுக்கு மீன் சாப்பிட வேண்டும். எனக்கோ பரிமாற்றப் படிப்பு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. "தோக்கியோ போயும் ரூமுக்குள்ளயே கெடக்கிற" என்று அம்மா ஏசிக்கொண்டிருந்தார்.

வெள்ளி இரவு தாகேஷிபா துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். மலிவான டிக்கெட்டுக்குக் கட்டில் கிடையாது. கம்பளம் விரித்த தரையில் ஆளுக்கு ஒரு துண்டு இடம், வாடகைப் போர்வை. பக்கத்தில் தூண்டிலோடு படுத்திருந்த தாத்தாவின் குறட்டைக்கு முன்னால் எரிமலை எம்மாத்திரம்! கண்ணைத் திறந்தால் தீவு.

மிஹாரா 758 மீட்டர்தான். பெரும்பகுதி உயரத்தை பஸ்ஸே ஏறிவிடுகிறது. அதற்கப்புறம் கறுப்புத் தரை, கறுப்புக் கல், நடுவில் காற்றில் சாயும் நாணல். 1986-இல் வழிந்த குழம்பு பாதையோரத்தில் அப்படியே உறைந்து கிடக்கிறது. மேலே ஒரு சின்னக் கோயில். குழம்பு அதைத் தொடாமல் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியிருக்கிறது. தீவுக்காரர்கள் அந்த நெருப்பை 'கோஜின்கா-சாமா' என்கிறார்கள். என் காதில் அது 'சாமி' என்றே விழுந்தது. தோழி காட்ஸில்லா மாதிரி இருக்கும் பாறையைத் தேடிப்பிடித்து நாற்பது படம் எடுத்தாள்.

அன்றிரவு தங்கிய வீட்டில் ஒரு பாட்டி சமைத்துப் போட்டார். பச்சை மிளகாய் போட்ட சோயாவில் ஊறிய மீனை வைத்த சுஷி, அந்தத் தீவுக்கே உரியது. ஜப்பானில் முதல் தடவையாக எனக்கு நாக்கு எரிந்தது. மூன்றாவது தட்டு கேட்டதும் பாட்டி எந்த ஊர் என்று விசாரித்தார்.

பேச்சு 1986 நவம்பர் 21-க்குப் போனது. அன்று மலை பிளந்து, குழம்பு மோட்டோமாச்சி ஊரை நோக்கி இறங்கியது. விடிவதற்குள் தீவிலிருந்த சுமார் 10,000 பேரையும் கப்பல் கப்பலாக வெளியேற்றினார்கள். பாட்டி இடுப்பில் பிள்ளையோடு ஓடியிருக்கிறார். சோறாக்க அரிசி கழுவி ஊறப்போட்டிருந்தாராம். ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் வீடு அப்படியே இருக்கிறது, அரிசி மட்டும் பூசணம் பூத்து நாறுகிறது. "முதல் வேலையா அந்தச் சட்டியத்தான் கழுவினேன், அழுதுக்கிட்டே" என்று சிரித்தார். எனக்குப் புரியாததை நண்பன் சொன்னான்.

"உங்க ஊர்ல எரிமலை இல்லையா? அப்போ நல்லது. யாரும் வீட்ட விட்டு ஓட வேண்டியதில்ல."

"ஆமா" என்றேன்.

படுத்த பிறகு அந்த 'ஆமா' உறுத்தியது. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் என் பாட்டி முப்பது வருஷம் பால்மரம் சீவினார். தோட்டம் கைமாறியதும் லயத்தை இடித்தார்கள். இவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். பாட்டிக்கு ஆறு மாத நோட்டீஸ் வந்தது. ஆனால் திரும்பிப் போகத்தான் வீடு இல்லை. இப்போது அங்கே இரட்டை மாடி வீடுகள், வாசலில் காவலாளிக் கூண்டு. கல்யாணம் காட்சிக்கு அந்த வழியாகப் போனால் பாட்டி காரின் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். நான் ஒரு தடவைகூட எதையும் கேட்டதில்லை. முன்பின் தெரியாத பாட்டியின் அரிசிச் சட்டி வரைக்கும் கேட்டுவிட்டேன்.

ஞாயிறு மதியம் கப்பலுக்குக் காத்திருந்தபோது வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"பாட்டி, லயத்த விட்டு வந்த அன்னிக்கு என்ன சமைச்சீங்க?"

"என்னடி கேள்வி இது?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அடுப்புதான் இல்லையே மா. மொத நாளே ஒடச்சாச்சி."

"யாரு? இடிக்க வந்தவங்களா?"

"உன் தாத்தா. மத்தவன் கைபட்டு ஒடையறதுக்கு முன்ன நாமளே ஒடச்சிடலாம்னாரு."

நண்பன் கையசைத்துக் கூப்பிட்டான். வரிசை நகர ஆரம்பித்திருந்தது.

"ரோட்டுக்கடையில ரொட்டி சானாய் வாங்கித் தின்னோம்" என்றார் பாட்டி. "உன் அப்பன் நாலு தின்னான். அங்க உனக்குச் சோறு கெடைக்குதா?"