கொரிந்து: கல்லில் லத்தீன், ஈயத்தில் கிரேக்கம்

ரோமர் காலக் கிரேக்கத்தில் ஒரு பயணம் – பகுதி 4

ஏதென்ஸிலிருந்து மேற்கே செல்லும் புறநகர் ரயில், நீரோ மன்னன் கி.பி. 67-இல் வெட்டத் தொடங்கிக் கைவிட்டதும் 1893-இல்தான் வெட்டி முடிக்கப்பட்டதுமான கால்வாயை ஒரு பாலத்தின் மேல் சில நொடிகளில் கடந்து, பயணியைப் புதிய கொரிந்து நகருக்கு அருகே இறக்கிவிடுகிறது. 1858-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் கடலோரத்தில் எழுந்த ஊர் அது. பழைய நகரின் இடிபாடுகளோ அங்கிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், ஆக்ரோகொரிந்து என்னும் செங்குத்தான குன்றின் அடிவாரத்தில் கிடக்கின்றன.

அங்கு முதலில் கண்ணில் படுபவை அப்பல்லோ கோயிலின் ஏழு தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல்லால் ஆனது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தூண்களைக் கண்டு இது பழங்கிரேக்க நகரம் என்று எண்ணிவிடும் பயணி, சற்றே திரும்பிப் பார்த்தால், சுற்றியுள்ள சந்தை வெளி, கடைவரிசை, நீதி மேடை ஆகியவற்றில் பெரும்பகுதி ரோமர் காலத்தது என்பதை உணரலாம். கி.மு. 146-இல் ரோமத் தளபதி லூசியஸ் மும்மியஸ் நகரைச் சூறையாடி அழித்தான், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதே இடத்தில் ஒரு 'கொலோனியா'வை, அதாவது ரோமக் குடிமக்களைக் குடியேற்றி ரோமச் சட்டப்படி ஆளப்படும் ஊரை, நிறுவினான். வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் 'விடுவிக்கப்பட்டோர்', அதாவது அடிமைகளாக இருந்து எசமானரால் விடுதலை செய்யப்பட்டவர்கள், என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

இடைப்பட்ட நூறாண்டில் அங்கு ஒருவரும் வாழவில்லை என்பதே நெடுங்காலம் வழங்கிய கருத்து. பழைய கொரிந்தியர் எவரும் அங்கில்லை என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வந்துபோன பௌசானியஸ் குறித்துவைத்ததே அதற்குப் போதுமான சான்றாகக் கொள்ளப்பட்டது. 1896 முதல் அங்கு அகழ்ந்துவரும் ஏதென்ஸின் அமெரிக்கத் தொல்லியல் பள்ளியினர் எடுத்த மட்பாண்டங்களை அண்மை ஆண்டுகளில் மீண்டும் ஆராய்ந்தவர்கள், அழிவுக்குப் பின்னும் உள்ளூர்க் குயவர் பாண்டம் வனைந்ததற்கான தடயங்களைக் கண்டனர். ஆகவே ஒரு நகரம் ஆட்சியமைப்பை இழப்பதும் ஆளற்றுப்போவதும் ஒன்றல்ல என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

மொழி பற்றிய சான்று இதனினும் சிக்கலானது. ஹேட்ரியன் மன்னன் (117–138) காலத்துக்கு முந்தியவை என 1966-இல் கணக்கிடப்பட்ட 104 கல்வெட்டுகளில் 101 லத்தீனில் உள்ளன. மூன்று மட்டுமே கிரேக்கம். சந்தை வெளியின் மேற்கு முனையில் வட்ட வடிவ மண்டபம் ஒன்றை எழுப்பிய பாபியஸ் பிலீனஸ் என்பவன், அதைத் தன் செலவில் கட்டியதாகவும், பின்னர் நகரின் இரு தலைமை ஆட்சியாளருள் ஒருவனாகத் தானே அதற்கு ஒப்புதல் அளித்ததாகவும் லத்தீனில் பொறித்திருக்கிறான். கட்டியவனும் அவனே, சரிபார்த்தவனும் அவனே! கல்வெட்டில் தந்தை பெயர் இல்லாததையும், 'பிலீனஸ்' கிரேக்கப் பெயராக இருப்பதையும் கொண்டு அவனும் விடுவிக்கப்பட்டவனே என அறிஞர் கருதுகின்றனர். லத்தீன், அத்தகையவர்கள் பதவியோடு சேர்த்து அணிந்துகொண்ட மேலாடை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஆடைக்குள் இருந்ததைக் காண, ஆக்ரோகொரிந்தின் வடசரிவில் உள்ள தெமேத்தர் கோயிலுக்கு ஏற வேண்டும். தானியத்துக்கும் விளைச்சலுக்கும் உரிய இத்தெய்வத்தின் வளாகத்தில் ரோமர் காலச் சாபத் தகடுகள் கிடைத்தன. சாபத் தகடு என்பது, பகைவர் பெயரையும் அவருக்கு நேர வேண்டிய கேட்டையும் மெல்லிய ஈயத்தில் கீறி, சுருட்டி, பாதாளத் தெய்வங்களிடம் ஒப்படைக்கும் மந்திர வேலை. நம்மூர்ச் செய்வினைத் தகடுகளை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவற்றுள் கிரேக்கத்தில் எழுதப்பட்ட ஒன்று, மாலை தொடுக்கும் கார்ப்பிமே பாபியா என்ற பெண்ணைப் பாதாள ஹெர்மஸிடமும் விதித் தெய்வங்களிடமும் ஒப்படைத்து, அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை அழிக்குமாறு கேட்கிறது. கூடவே, எழுதியவர் தமக்கு வளமையையும் வேண்டுகிறார். 'கார்ப்பிமே' என்ற பெயருக்கே கிரேக்கத்தில் 'பலன் தருபவள்' என்று பொருள் என்பதை நோக்கினால், அந்த வேண்டுதலின் கசப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும். 'பாபியா' என்னும் குடும்பப் பெயரோ, மண்டபம் கட்டிய பாபியஸின் குடும்பத்தோடு அவளுக்கு அடிமை உறவோ விடுதலை உறவோ இருந்திருக்கலாம் என எண்ண வைக்கிறது. அவ்வாறாயின், ஒரே குடும்பப் பெயர் சந்தையில் லத்தீனிலும் குன்றின் சரிவில் கிரேக்கத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. பெருமை ஒரு மொழியில், பொறாமை மற்றொரு மொழியில்.

தமிழ் விவிலியத்தைப் படித்தவர்கள் அறிந்த கொரிந்தியரும் இவர்களே. ஆளுநர் கல்லியோவின் முன் பவுல் நிறுத்தப்பட்டது இந்நகரில்தான். லத்தீன் கல்வெட்டுகள் சூழ வாழ்ந்த அம்மக்களுக்கு அவர் தம் நிருபங்களைக் கிரேக்கத்திலேயே எழுதினார்.

கொரிந்து எரிந்தபோது ரோமர் பக்கம் நின்றதால் தப்பியது எனச் சொல்லப்படும் தெனேயா, இங்கிருந்து தெற்கே, இன்றைய கிலியோமோதி கிராமத்தருகே உள்ளது. 2013 முதல் அங்கு நடைபெறும் அகழாய்வில் வீடுகளின் எச்சங்களும் இருநூறுக்கும் மேற்பட்ட நாணயங்களும் வெளிப்பட்டுள்ளன; அடுத்த பகுதி அவ்வூரைப் பற்றியது.